கேபிள் கழண்டுடுச்சு!

“ஸ்டாப், ஸ்டாப்! மன்னிச்சுக்குங்க… கேபிள் கழண்டுடுச்சு!”

ஹெட்போனில் ஸிவெர்ட்டின் குரல் கேட்டதும் தூவாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

பாட்டின் உச்சிக்குப் போய்விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அந்த மேல் ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கப் போனாள். தொட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரிவதற்குள் அவன் கத்திவிட்டான்.

“ஏம்ப்பா, கேபிளைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியாம என்ன ஸ்டூடியோ நடத்துறே? எவ்வளவு அருமையா வந்துச்சு! மொத்தத்தையும் கெடுத்துட்டியே!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சவுண்ட் இன்ஜினீயர் ஸிவெர்ட் காதைப் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தான். பக்கத்தில் அவள் கணவன் யோஸ்டெய்ன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் டிரம்ஸ் வாசித்து முடித்தாயிற்று. பாக்கி அவள் குரல்தான். சாயங்காலத்துக்குள் பாட்டு ரேடியோவுக்குப் போயாக வேண்டும். அவர்கள் பாட்டு ரேடியோவில் வரப்போவது இதுதான் முதல் தடவை!

“வீட்டு லேப்டாப்பே போதும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா யோஸ்டெய்ன்? ஸ்டூடியோதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னே!”

போன கோடை விழா மேடையில், இதே பாட்டில், இதே இடத்தில் அவள் குரல் பிசிறடித்ததும், கூட்டம் சிரித்ததும் யோஸ்டெய்னுக்குத் தெரியும். ‘இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா மைக்கையே தொடமாட்டேன்’ என்று வீட்டுக்கு வந்து அவள் அழுததும் தெரியும்.

ஸிவெர்ட் உள்ளே வந்தான். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். விளக்கைக் குறைத்தான்.

“உங்க காதுல டிரம்ஸ் சத்தம் ஜாஸ்தியா வெச்சிருக்கேன். அதோட மல்லுக்கட்டிக்கிட்டுப் பாடியிருக்கீங்க. அதுவும் என் தப்புதான். இப்ப உங்க குரல் நல்லாக் கேக்கும்.”

“கேபிள்?”

“நம்ம பெர்கன் ஊர்ல மழை விட்டாத்தாங்க என் கேபிள் எல்லாம் ஒழுங்கா இருக்கும்.”

“அப்ப ஜென்மத்துக்கும் ஒழுங்கா இருக்காதுன்னு சொல்லு!”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன.

மறுபடி இசை எழுந்தது. காதுக்குள் அவள் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. தன் குரல் இத்தனை அழகா என்று அவளுக்கே ஆச்சரியம். மேல் ஸ்வரம் நெருங்கியது. எட்டிப் பிடிக்கவே தேவையிருக்கவில்லை. குரல் தானாக ஏறிப் போய், அங்கே நின்று, நிதானமாக இறங்கியது.

“வந்துடுச்சு! தூவா, வந்துடுச்சு!” யோஸ்டெய்ன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான்.

“பாத்தியா? மிஷின் ஒழுங்கா இருந்தா நான் ஒரே தரத்துல முடிச்சுடுவேன்!”

“ஆமாங்க, மிஷின்தான் கோளாறு” என்று தலையாட்டிய ஸிவெர்ட், வாஃபிள் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிப் பக்கம் போனான்.

தூவா துள்ளிக்குதித்து வெளியே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“முதல்ல பாடினது இதைவிடப் பிரமாதம். கேபிள் கழண்ட வரைக்குமாவது கேப்போம்.”

“வேண்டாம், தூவா…” என்றான் யோஸ்டெய்ன். அதற்குள் அவள் திரையில் முதல் பதிவைத் தேடிப்பிடித்து அழுத்திவிட்டாள்.

மேல் ஸ்வரம் வந்தது. குரல் பிசிறடித்து இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகுதான் ஸிவெர்ட்டின் “ஸ்டாப், ஸ்டாப்!”

பதிவு அதோடு நிற்கவில்லை. “ஏம்ப்பா, கேபிளைக்கூட ஒழுங்கா மாட்டத் தெரியாம…” கழன்றுபோன கேபிள் வழியாக, அவள் திட்டியது அத்தனையும் ஒரு எழுத்து விடாமல் பதிவாகியிருந்தது.

தூவா மெல்லத் திரும்பினாள். வாஃபிள் தட்டோடு வாசலில் நின்ற ஸிவெர்ட்டின் முகம் சிவந்துபோயிருந்தது.

“மன்னிச்சுக்குங்க தூவா, அதை அழிக்க மறந்துட்டேன். இது மட்டும் நிஜமாவே என் தப்பு.”