தடை சொல்ல வந்தவர்

"இந்தக் கலியாணம் நடக்கக்கூடாது, பாதர். நிப்பாட்டுங்கோ!"

கதிரையில் உட்கார முன்னமே அந்த அம்மா சொல்லிவிட்டார். நிறோஜன் அடிகளாருக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறியது. அரிப்பு ஊர்ப் பங்குக்கு அவர் புதிது. கலியாணத்துக்குத் தடை சொல்லி ஓர் ஆள் வருவதும் அவருக்குப் புதிது.

முந்தின நாள் ஞாயிறு பூசையில்தான் கலியாண அறிவித்தலை வாசித்திருந்தார். அரிப்பு அம்புறோஸ், தோட்டவெளி பெற்றிசியா, இருவரும் துணையை இழந்தவர்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். மாப்பிள்ளையின் கோயிலிலும் பெண்ணின் கோயிலிலும் இப்படி வாசிப்பது வழக்கம். வழக்கத்துக்காக வாசிப்பதை நம்பி ஒருவர் வந்து நிற்பார் என்று எந்தச் சாமியார்தான் எதிர்பார்ப்பார்?

"எங்கயிருந்து வாறியள், அம்மா?"

"தோட்டவெளி. ரெண்டு பஸ் மாறி வாறன்."

"உங்கட பங்குச் சாமியிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அவர் சிரிப்பார்."

அடிகளார் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளையில ஏதும் பிழையோ?"

"சீ, அம்புறோஸ் தங்கமான மனுசன். பிழை பொம்பிளையில. அவளை நம்பேலாது."

"அப்பிடி என்ன செய்தவ?"

"மாறிக்கொண்டே இருப்பாள், பாதர்! பள்ளிக்கூடம் முடிய, சிஸ்டராப் போறன் எண்டு ஒற்றைக்காலில நிண்டு மடத்துக்குப் போனாள். நத்தார் பண்டிகைக்கு முதலே பெட்டியோட வந்திட்டாள். புருசன் செத்த நேரம், இனி ஒருத்தரையும் ஏறெடுத்தும் பாக்கமாட்டன் எண்டு சவக்காலையில ஊரே கேக்கச் சத்தியம் பண்ணினாள். மீன் வெடுக்கெண்டாலே மூக்கைப் பொத்துறவள், இப்ப அம்புறோஸ் குடுத்த பாரை மீனைப் பாட்டுப் படிச்சுக்கொண்டு வெட்டுறாள்!"

அடிகளாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எங்கட ஊர் றோட்டில திரியிற கழுதையள் பின்னேரம் எந்தச் சந்தியில நிக்கும் எண்டுகூடச் சொல்லலாம். அவளைச் சொல்லேலாது. நாளைக்கு அம்புறோஸும் வேண்டாமெண்டா? அந்த மனுசன் தாங்கமாட்டார், பாதர்."

சொல்லும்போதே அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அடிகளாருக்கும் பாவமாகப் போய்விட்டது.

"இவ்வளவும் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவள் நித்திரையில புரண்டாலும் எனக்குத் தெரியும்."

அடுத்த வீட்டுக்காரியாக்கும் என்று அடிகளார் முடிவுகட்டினார்.

"அம்மா, நான் பள்ளிக்கூடத்தில கோல் கீப்பர். பூசைக்கு வராமல் மைதானத்தில கிடந்து அம்மாட்ட அடியும் வாங்கினனான். நீ சாமியாராகுவாய் எண்டு அண்டைக்கு ஆரும் சொல்லியிருந்தா பந்தாலயே எறிஞ்சிருப்பன். நாளைக்கு எப்பிடி இருப்பம் எண்டு ஆருக்குத் தெரியும்? அதுக்குப் பயந்தா ஒருத்தரும் கலியாணம் கட்டேலாது. இண்டைக்கு அவவுக்கு அம்புறோஸில விருப்பமோ? அதைச் சொல்லுங்கோ."

அந்த அம்மா குடைப்பிடியைத் திருகினார்.

"விருப்பம்தான்," என்றார் அந்த அம்மா, நிலத்தைப் பார்த்தபடி. "சரியான விருப்பம்."

"அப்ப இது தடையே இல்லை. வாற ஞாயிறும் வாசிப்பன்."

அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எதுக்கும் பொம்பிளையை நான் ஒருக்கா நேரில பாக்கோணும்," என்றார் அடிகளார்.

"இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள், பாதர்!"