ஊசி பட்ட இடம்

கண்ணை மூடினால் மட்டும் போதாது என்று, முகம் துடைக்க நான் கொண்டுவந்திருந்த துவர்த்தை வாங்கி என் கணவரின் கண்களின் மேல் போட்டார் பிசியோ மேடம்.

"ஊசி படுறது தெரிஞ்சா சொல்லுங்க சார். தெரியலன்னா பேசாம இருங்க."

கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையைத்தான் முகாமுக்காகப் பரிசோதனை அறை ஆக்கியிருந்தார்கள். கண்ணாடியில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள். சேர்த்துப் போட்ட இரண்டு பெஞ்சுகளில் என் கணவர் பனியனோடு மல்லாந்து கிடந்தார். வெளியே, பந்தி போடும் கூடத்தில், இன்னும் ஏழெட்டுச் சக்கர நாற்காலிகள்.

பட்டாளத்து லாரி பள்ளத்தில் உருண்டு நாலு வருடம் ஆகிறது. தொப்புளுக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்ட படைவீரர்களை எட்டு மாதம் தங்கவைத்து, காலில் கம்பி கட்டி நடக்கப் பழக்குகிறார்கள். கால்களில் கொஞ்சமாவது உணர்ச்சி மிச்சம் இருப்பவர்களுக்குத்தான் அங்கே இடம். இல்லாதவர்களுக்குக் காற்று மெத்தை. போன வருட முகாமில் மெத்தையோடு திரும்பிய ஜெப்சன் இதைச் சொன்ன அன்றே இவர் வழி கண்டுபிடித்துவிட்டார்.

நான் தலைமாட்டில் நிற்க வேண்டும். ஊசி படும்போது தோளை அழுத்த வேண்டும். அவர் 'உண்டு' என்பார்.

"பரீட்சையில பிட்டு அடிக்கது மாதிரிதாம்டி. பத்தாங்கிளாசு நான் பின்ன எப்படிப் பாசானேன்னு நெனச்ச?"

ராஜாக்கமங்கலம் வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். கட்டில் சுவரை ஒட்டிக் கிடப்பதால் எப்போதும் வலப்பக்கம் நின்றுதான். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வலது தொடையில் ஊசி பட்டது. அழுத்தினேன்.

"உண்டு."

முழங்காலில்.

"உண்டு."

மேடம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தாளில் குறித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லது சார். அங்க வீட்டு ஆளுங்க கூடத் தங்க முடியாது. எட்டு மாசமும் தனியாத்தான் இருக்கணும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல மேடம்."

சொன்னது நான்.

கேட்டது அவரிடம். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போடுகிறேன். நாலு வருடமாக என் தூக்கம் துண்டு துண்டாகத்தான். எட்டு மாதம் என்றதும் எனக்குத் தெரிந்தது ஒரு கட்டில். அதில் நான் மட்டும் குப்புறக் கிடக்கிறேன். சந்தோஷம்கூட இல்லை. வெறும் கட்டில்.

துவர்த்துக்கு அடியில் அவர் முகம் அசையவில்லை.

"வெளிச்சத்த மறைக்கிறீங்கம்மா. அந்தப் பக்கம் போயி நில்லுங்க."

சுற்றிவந்து இடப்பக்கம் நின்றேன்.

இடது தொடையில் ஊசி. இடது தோளை அழுத்தினேன்.

அவர் பேசவில்லை.

முழங்காலில். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். பேசவில்லை.

மேடம் காத்திருந்தார். வலது காலுக்கே திரும்பிப் போய், முதலில் 'உண்டு' சொன்ன அதே இடத்தில் மறுபடி குத்தினார். நின்ற இடத்திலிருந்தே அழுத்தினேன்.

அதற்கும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொன்ன 'பரவாயில்ல' அவர் காதில் விழுந்திருக்கிறது. அதன் வேகம் விழுந்திருக்கிறது. நான் எதற்காக அவரை அனுப்பத் துடிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. போகமாட்டேன் என்று வாயால் சொல்லாமல், வாயை மூடிச் சொல்கிறார். நின்று பார்க்கவேண்டும் என்று நாலு வருடமாகப் புலம்பிய மனிதர், எனக்குத் தண்டனை கொடுக்க அதையும் வேண்டாம் என்கிறார்.

கோபம் வந்தது. மனதில் இல்லை, விரல்களில்.

பாதத்தில் கடைசி ஊசி. பனியன் மூடாத தோளில் என் நாலு நகங்களையும் இறக்கினேன். சதை வெளுத்தது. ஒரு நகத்தின் ஓரத்தில் ரத்தம் கசிந்தது.

சொல்லுங்க. சொல்லிட்டுப் போங்க.

அவர் மூச்சு ஒரே சீராக ஏறி இறங்கியது.

மேடம் ஊசியை டப்பாவில் போட்டார். தாளில் எழுதியிருந்ததை அடித்தார். "காத்து மெத்தைக்கு எழுதித் தரேம்மா" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவருகே போனார்.

துவர்த்தை விலக்காமலே அவர் ரகசியக் குரலில் கேட்டார்.

"ஏட்டி சுஜா, அந்தப் பக்கம் போன பெறவு எங்கட்டி போன? ஒரு தடவகூட நீ என்னத் தொடல்லியே."

என் நகங்கள் அப்போதும் அவருடைய இடது தோளில்தான் இருந்தன.