பழைய கறுப்பு

பழங்காசு வியாபாரி கோமதிநாயகம் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தான். காசைத் துணிமேல் வைத்தான். ஆகாததைத் தொட்டவன்போல விரலைத் துடைத்துக்கொண்டான்.

"எந்தப் புண்ணியவான் இதத் தேச்சது, அண்ணாச்சி?"

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவர் காசைப் பார்த்தார்.

காசு பளபளவென்று கிடந்தது. போன வாரம்வரை கன்னங்கரேலென்று இருந்த இங்கிலாந்து ராஜா. மெஷின் வராத காலத்தில் எவனோ ஒருவன் வெள்ளித் தகட்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கிப் போட்ட காசு. அடி கொஞ்சம் விலகி விழுந்ததில் ராஜாவுக்கு ஒரு காது இல்லை.

அதற்காகத்தான் அவருக்குப் பிடிக்கும். மெஷின் காசெல்லாம் ஒரே மூஞ்சி. இதில் அப்படி இல்லை. அடித்தவனுக்கு அன்றைக்குக் கை நடுங்கியிருந்தால் அதுவும் தெரியும்.

சுற்றியிருக்கும் எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ராஜாக்களுக்கு அவரே பேர் வைத்திருந்தார். முட்டைக்கண்ணன். சுருட்டைத்தலையன். இவன் ஒத்தைக்காதன்.

வெள்ளைக்காரன் காசை வைத்து என்ன செய்யப் போகிறீர் என்று அவருடைய தேங்காய் மண்டியில் கேட்காத ஆள் கிடையாது.

"நம்ம ராஜாமாரு காசு அவன் ஊர்ல கெடக்குல்லா? அவன் ராஜா நம்ம மடியில கெடக்கட்டும்."

அவன் சும்மா எடுத்துப் போனான், இவர் விலை கொடுத்து வாங்குகிறார். அதை மட்டும் சொல்ல மாட்டார்.

இன்றைக்கு மாற்று. ஒத்தைக்காதனைக் கொடுத்துவிட்டு ராணியைக் கொண்டுபோக வந்திருந்தார்.

ராணி, தட்டில், பட்டுத்துணியில் இருந்தாள். தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. எத்தனையோ வியாபாரிகளிடம் சொல்லி வைத்தும் சிக்காதவள். கடைசியில் கோமதிநாயகம்தான் லண்டன் ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான்.

வியாபாரி வாயில் வருவதில் பாதி பொய், வராமல் இருப்பது முழுப்பொய் என்பது அவர் எண்ணம். தானும் வியாபாரிதானே.

"அந்தக் கறுப்புக்குத்தான் அண்ணாச்சி மதிப்பே. எத்தன நூறு வருசமா ஏறின கறுப்பு! ஆட்ட உரிச்ச மாதிரி உரிச்சுட்டாவளே. யாரு, மதினி வேலையா?"

வெள்ளிக்கிழமை குத்துவிளக்குகளோடு சேர்த்து ராஜாவையும் எடுத்து வைத்திருக்கிறாள் செண்பகவடிவு. திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறாள். அவர் மண்டியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"அடுப்புக் கரி மாதிரில்லா கெடந்தாரு. ஒரு காலைப் பொழுது பூரா உசுர வாங்கிட்டாரு. இப்பம் பாருங்க மூஞ்சிய."

தேய்த்து நொந்த தோளில் தைலம் மணத்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அவர் பார்த்தார். நல்லாருக்கு என்றார்.

"நாந்தான் தேச்சேன்," என்றார் இப்போது.

"நீங்களா?" கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொண்டான். "இத்தன வருசம் காசு சேத்து என்னத்தக் கண்டிய? பொம்பளையாட்கள் செய்யித வேலைய நீங்க செஞ்சிருக்கிய."

கொஞ்ச நேரம் அவரைத் தவிக்கவிட்டான். பிறகு குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"சரி விடுங்க. நம்மகிட்ட வழி இருக்கு. அவிச்ச முட்டைய நறுக்கி, காசோட டப்பாவுல போட்டு மூடிருவேன். நாலே நாளு. பழைய கறுப்பு அப்படியே வந்து ஒக்காந்துரும். லண்டன்காரனுக்கே தெரியாது. அப்புறம் ராணி ஒங்களுக்குத்தான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"முட்டை," என்றார்.

"ஆமா, முட்டை. நாட்டுக்கோழின்னா இன்னும் விசேசம்."

அவர் ராணியைப் பார்த்தார். ராணிக்குப் பக்கத்தில் கறுப்பாகக் கிடந்தவர்களைப் பார்த்தார். அதற்குப் பக்கத்துத் தட்டைப் பார்த்தார். அதிலும் எல்லா ராஜாவும் அதே கறுப்பு.

கோமதிநாயகத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் கட்டைவிரலைத் தன் நெற்றித் திருநீற்றுப் பட்டையின் மேல்கோட்டில் வைத்து இழுத்தார். விரலெல்லாம் வெள்ளை. ராணியை எடுத்தார். கன்னத்தில் ஒரே ஒரு இழுப்பு.

"அண்ணாச்சி! என்ன செய்யிதிய!"

கறுப்பு விரலுக்கு வந்துவிட்டது.

ராணியின் கன்னம் பால் மாதிரி இருந்தது.

ஒத்தைக்காதனின் கறுப்பை எடுக்கச் செண்பகவடிவுக்கு ஒரு காலைப் பொழுது பிடித்தது.

"காசு அசலு, அண்ணாச்சி. எம் புள்ள மேல சத்தியமா அசலு. கறுப்பு மட்டுந்தான்..."

படிக்கட்டில் ஷூ சத்தம். காசு வாங்க வந்த இரண்டு பேர் இங்கிலீஷில் பேசிக்கொண்டே மாடி ஏறி வந்தார்கள்.

கோமதிநாயகம் வாசலைப் பார்த்தான். ராணியை அவர் பக்கம் தள்ளினான்.

"கொண்டு போங்க. மாத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மாவே கொண்டு போங்க. பெறவு பேசிக்கிடுவோம்."

பூ வைத்த ராணி. மேசை விளிம்பில். ஒரு பக்கம் கறுத்து, ஒரு பக்கம் வெளுத்து.

இத்தனை வருடம் தேடியவள். கையை நீட்டினால் போதும்.

நீட்டினார். ராணியைத் தாண்டிப் போனது கை. பக்கத்துத் தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஷூ சத்தம் கதவருகே வந்துவிட்டது.

நெற்றியில் இன்னும் இரண்டு கோடு மிச்சம் இருந்தது.