வாசலில் நிற்பவர்

சூப்பர் மார்க்கெட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை மேலாளர் கையிலுள்ள டேப்லெட்டின் திரை சொல்லிவிடும். போன வருடம் கல்லூரி வளாகத் தேர்வில் பயிற்சி மேலாளராக வந்த சங்கவி, அதன்படி ஆட்களை நிறுத்தினால் போதும்.

காலாவதி நெருங்கும் பால் பாக்கெட்டுகளை அலமாரியின் முன்வரிசைக்கு நகர்த்திக்கொண்டிருந்தார் ஜெபமணி.

"அண்ணே, நாளையிலேர்ந்து நீங்க வாசல்ல நின்னு, வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லணும்."

அவர் கை நின்றது. "போன மாசம் வாசல்ல நின்ன பர்வீனை அப்புறம் பாத்தீங்களா மேடம்? அதுக்கு முன்னாடி நின்ன தங்கதுரையை?"

சங்கவி அவர் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள். தேதி நாளையோடு முடிகிறது.

"திரை சொல்லுதுண்ணே" என்றாள்.

அடுத்த மாதம் ஜெபமணி கடையில் இல்லை. திரையில் 'வாசல்' என்ற இடத்தில் சங்கவியின் பெயர் வந்திருந்தது. அம்மாவுக்கு போன் செய்தாள்.

"வர்றவங்க முதல்ல உன் முகத்தைத்தானே பாப்பாங்க! நல்லா சிரிச்சுக்கிட்டே நில்லுடி" என்று அம்மா பூரித்துப்போனாள்.

பால் அலமாரியருகே, இந்த வருட வளாகத் தேர்வில் பயிற்சி மேலாளராக வந்த பெண் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நின்றாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. சங்கவி கைகூப்பிச் சிரித்தாள்.