மர்ஜான் ஸ்டோர்ஸ் மேல்மாடி

“இந்த மூணு பேரும்தான் வாப்பாட கடையை மூட வெச்சது” என்று மனைவியின் காதில் சொன்னார் ஸஹாப்தீன்.

“மெதுவாக் கதைங்க. கேட்கப் போகுது” என்றாள் நஸ்ரியா.

மண்டபம் நிறையச் சனம். திருகோணமலைப் பட்டினத்தில் ஒருகாலம் கொடிகட்டிப் பறந்து, இப்போது இல்லாமலே போய்விட்ட பெரிய கடைகளின் படக் கண்காட்சி. ஏற்பாடு செய்த இராகுலன், கடை முதலாளிகளின் பிள்ளைகளையும் வந்து நாலு வார்த்தை பேசச் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் ஸஹாப்தீன் கொழும்பிலிருந்து வந்திருந்தார்.

வாப்பாவின் மர்ஜான் ஸ்டோர்ஸ் படத்துக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். மூன்று மாடி. ஊசியிலிருந்து அலுமாரி வரைக்கும் ஒரே கூரைக்குள் வாங்கலாம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரரும் அங்கேதான் வருவார்கள். ஏசி போட்ட முதல் கடை என்று பட்டினமே பெருமையடித்த கடை. இப்போது அந்த இடம் வாகனம் நிறுத்தும் வெறுங்காணி.

“ஒருநாள் றோட்டில திரியிற மான் ஒண்டு உள்ளுக்க வந்தது நினைவிருக்கோ?” என்று கேட்டா கோணேஸ்வரி ரீச்சர். “நேரே போய் பிளாஸ்டிக் பூவை ஒரு கடி கடிச்சுது. பிறகு கடைக்காரரை ஒரு முறை முறைச்சுப்போட்டு வெளிய போச்சுது!”

“மானை விடுங்கோ, ரீச்சர். இந்தக் குணரத்தினம் செய்த வேலை தெரியுமோ?” என்றார் கதிரவேல். “விக்க வைச்ச சோபாவில படுத்து நல்ல நித்திரை. ஆரோ வந்து ‘இது என்ன விலை’ எண்டு கேக்க, திடுக்கிட்டு எழும்பி, ‘நான் விக்கிறதுக்கில்லை’ எண்டிட்டார்!”

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குணரத்தினமும் சேர்ந்து சிரித்தார்.

ஸஹாப்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூன்று பேரையும் அவர் முன்பின் கண்டதில்லை. ஆனால் பெயர்கள் பாடம்; வாசலில் இராகுலன் பெயர் சொல்லிக் காட்டியதுமே ஆட்களை அறிந்துகொண்டார். கட்டாரில் வேலை செய்த காலத்தில், போன் எடுத்தபோதெல்லாம் வாப்பா சொன்ன பெயர்கள்.

“இண்டைக்கும் மூணு பேரும் வந்தாங்க, மகன்.”

“என்ன வாங்கினாங்க?”

“ஒண்டும் வாங்கல்ல. கதைச்சிட்டு இருந்திட்டுப் போறாங்க.”

“அவங்களுக்கு வேற வேலை இல்லையா? சும்மா ஏசிக் காத்து வாங்க வாற ஆக்களைக் கலைச்சு விடுங்க, வாப்பா!”

வாப்பா சிரிப்பாரே தவிர, கலைக்க மாட்டார்.

ஊரில் புதுப்புது சுப்பர்மார்க்கெட்டுகள் வந்தன. கடையில் வியாபாரம் படுத்தது. ஸஹாப்தீன் நாட்டுக்குத் திரும்பிய கையோடு கடைப்பக்கம் போகாமலே அதை மூடச் சொல்லி, வாப்பாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போன வருடம் வாப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

“அடுத்ததாக, மர்ஜான் ஸ்டோர்ஸ் முதலாளியின் மகன்” என்று இராகுலன் அழைத்தான்.

நஸ்ரியா கணவரின் கையைப் பிடித்தாள். “நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வாங்க. வேற ஒண்டும் வேணாம்.”

ஸஹாப்தீன் மைக்கைப் பிடித்தார். நல்லதாகத்தான் தொடங்கினார்.

“வாப்பாட கடையை இவ்வளவு பேர் மறக்காம இருக்கிறது சந்தோசம்...”

முன்வரிசையில் குணரத்தினம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் ஸஹாப்தீனுக்குப் பொறுக்கவில்லை.

“ஆனா ஒண்டு கேட்கணும். சில பேர் நாள் தவறாம வந்தீங்க. கதிரையில இருந்து ஏசிக் காத்து வாங்கினீங்க. கை துடைக்க ஒரு லேஞ்சியாவது வாங்கினீங்களா? வாங்கியிருந்தா கடை இண்டைக்கும் இருந்திருக்கும். இப்ப படத்தைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்ல!”

நஸ்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

திடீரென்று குணரத்தினம் வாய்விட்டுச் சிரித்தார். கதிரவேலும் தொடர்ந்தார்.

“என்ன சிரிப்பு?” ஸஹாப்தீனின் குரல் உயர்ந்தது.

“கோவிக்காதேங்கோ, தம்பி” என்றார் குணரத்தினம். “நீங்கள் எந்த ஏசியைச் சொல்லுறீங்கள்?”

“கடையில இருந்த ஏசிதான்!”

“அது உங்கட உம்மா மௌத்தான வருசமே பழுதாப் போச்சு. உங்கட வாப்பா திருத்தவே இல்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான். மேல்மாடி பாண் சுடுற போறணை மாதிரிக் கொதிக்கும். உள்ள போகேக்க போட்டிருந்த சேர்ட்டை வெளிய வரேக்க பிழியலாம்!”

சனம் குலுங்கிச் சிரித்தது. ஸஹாப்தீன் மைக்கைப் பிடித்தபடி விழித்தார். ஏசி பழுதென்று வாப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

“அப்ப... அந்தப் புழுக்கத்துக்குள்ள என்னத்துக்கு வந்தீங்க?”

குணரத்தினம் கதிரவேலைப் பார்த்தார். கதிரவேல் கோணேஸ்வரி ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் மெல்ல எழும்பினா.

“ஒருநாள் மகளுக்குப் பாய் வாங்க மேல்மாடிக்குப் போனனான், தம்பி. ஒரு சனமில்லை. உங்கட வாப்பா தனிய இருந்து சுவரோட கதைச்சுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெக்கப்பட்டு, சிரிச்சுச் சமாளிச்சார். கீழ இறங்கி வந்து இவை ரெண்டு பேரிட்டையும் சொன்னனான். அடுத்த நாளே மூண்டு பேருமாப் போனனாங்கள். கடை மூடும் வரைக்கும் போனனாங்கள்.”

ஸஹாப்தீன் மைக்கைக் கீழே இறக்கினார். “எனக்குத் தெரியாமப் போச்சு, ரீச்சர். ஆனாலும்... வந்த நீங்க ஏதாவது ஒரு சாமானையும் வாங்கியிருக்கலாமே?”

ரீச்சர் சிரித்தா.

“சாமானை வாங்கினா எழும்பி வீட்டை போக வேணும், தம்பி. வாங்காட்டித்தானே பொழுதுபடும் வரைக்கும் அவரோட இருந்து கதைக்கலாம்!”