லைற் பிடிக்கிறவர்

விக்ரோரியா படியேறி வந்து உடுப்புக் கூடையைத் தொப்பென்று வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, கீழ் வீட்டு நித்தியண்ணை செய்யிற வேலை தெரியுமோ?"

கணவன் யேசுரட்ணம் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அகதியாய் வந்த தமிழரின் குடும்பங்களை நாட்டுக்குள் வரவிடாமல் அமைச்சர் இழுத்தடித்தது பற்றிய வழக்குத்தான் அன்றும் செய்தி.

"பெண்சாதியின்ர உள்ளுடுப்பை லைற் வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாக்கிறார். பிறகு கொப்பியில எழுதுறார்!"

"ஊத்தை போயிட்டுதோ எண்டு பாத்திருப்பார்."

"தோய்க்க முதலே பாக்கிறார்! நாலு சனியாக் காணுறன். சந்தேகக்காரன்!"

ஹோர்சன்ஸ் நகரத்தில் அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுவதற்கும் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற மெசின் இரண்டே. சனி பத்து மணி நித்தியானந்தனின் முறை. பதினொன்று விக்ரோரியாவின் முறை; ஆனால் அவள் பத்துக்கே கூடையோடு இறங்கிவிடுவாள். நித்தியானந்தனின் மனைவி மனோரஞ்சிதம், கணவனிடம் வரக் கேட்ட விண்ணப்பம் நாலு வருடம் கிடந்து, இங்கே வந்து எட்டு மாதம்தான்.

விக்ரோரியாவுக்கு மனம் ஆறவில்லை. திரும்பக் கீழே இறங்கினாள்.

"அண்ணை, நாலு வருசம் காத்திருந்து வந்த மனிசியைச் சந்தேகப்படலாமோ?"

நித்தியானந்தன் தலை குனிந்தார். கொப்பி சட்டைப் பைக்குள் போனது.

"பிழைதான், தங்கச்சி. வேற ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அவள் நாலு பேருக்குத்தான் சொன்னாள். அடுத்த ஞாயிறு தேவாலயத்தால் வரும்போது அவருக்கு 'லைற் பிடிக்கிறவர்' என்று பட்டமே விழுந்திருந்தது.

ஒரு மாதம் போனது. மனோரஞ்சிதத்தைக் கண்ணில் காணவில்லை. பதறிப்போய்க் கதவைத் தட்டினாள் விக்ரோரியா. மனோரஞ்சிதம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மார்பில் கட்டு.

"என்னடி ரஞ்சி இது?"

"உள்ளுடுப்பில ரத்தப் பொட்டுப் பட்டது, அக்கா. நோய் வருத்தமெண்டு தெரிஞ்சால் ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயந்து, கொழுக்கியின்ர இரும்புக் கறள் எண்டு இவருக்குச் சொன்னன். நம்பேல்லை. இருபத்தெட்டு நாள் கணக்கெடுத்தார். பதினேழு பொட்டு. எல்லாம் இடப்பக்கம், முன்னுக்கு. கொழுக்கி இருக்கிறது முதுகிலயெல்லோ!"

சிரிக்கப் போய், நோவில் முகம் சுளித்தாள்.

"கொப்பியோட என்னை டொக்டரிட்டை இழுத்துக்கொண்டு போனார். முலைக்காம்பிலயிருந்து ஒரு துளியைச் சோதிக்கக் கண்ணாடித் துண்டில எடுத்தினம். புற்றுநோயைக் காட்டுற பொருள் ஏதும் கூடியிருக்கோ எண்டு ரத்தமும் பாத்தினம். ரத்தம் ஒண்டும் சொல்லேல்லை. துளிதான் காட்டிக்குடுத்தது. கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டி. எடுத்தாச்சு. ஒருத்தரும் திருப்பி அனுப்பவும் மாட்டினமாம்."

விக்ரோரியா கட்டில் விளிம்பில் இருந்தாள். "அண்டைக்கு அண்ணை என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான்தான் ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினனான். 'உன்ர வருத்தத்தைச் சனம் கதைக்கிறதைவிட, என்ர சந்தேகத்தைக் கதைக்கட்டும்' எண்டிட்டார். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ, அக்கா."

அடுத்த சனி பத்து மணிக்கு, விக்ரோரியா உடுப்புக் கூடையைத் தூக்கி யேசுரட்ணத்தின் மடியில் வைத்தாள்.

"கீழ போய் நித்தியண்ணைக்குப் பக்கத்தில நிண்டு, என்ர உள்ளுடுப்பை லைற்றில பிடிச்சுப் பாருங்கோ."

"விசரே உனக்கு? சனம் என்னையும் லைற் பிடிக்கிறவர் எண்டெல்லோ சொல்லும்!"

"சொல்லட்டும். அந்த மனிசன் ஏன் அந்தப் பேரைத் தனியச் சுமக்கவேணும்?"