அலறவேண்டிய இடம்

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்கின்றன. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஜெய்சங்கர் இன்றுதான் கார் ஓட்டுகிறான். சாயங்கால வெயில் அவன் கழுத்துத் தழும்பில் விழுகிறது. வெளியே கேட்டுவிடக்கூடாதென்று வழக்கம்போல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போடுகிறான். கல்லூரி நாளிலிருந்து அவன் விடாத மெட்டல்கோர் பாட்டு; கிடார் இடிக்கிறது, டிரம்ஸ் துரத்துகிறது, டாஷ்போர்டில் ரெங்கநாதர் நடுங்குகிறார். "கத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்கிறாள் பக்கத்தில் மனைவி ப்ரீத்தி, மடியில் மாத்திரைக் கவரோடு. "கேக்கத்தானே செய்றேன்." குரல் பாதி காற்றாகத்தான் வருகிறது. பாட்டு மெல்லத் தணிந்து, இத்தனை வருஷமும் அவன் நரம்பு புடைக்க அலறிய இடத்துக்கு வருகிறது. விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்குகின்றன. வாய் திறக்கிறது, மூச்சு மட்டும் வெளியேறுகிறது. இதெல்லாம் ஒரு பாட்டா என்று கல்யாணமான நாள் முதல் காதைப் பொத்திக்கொள்ளும் ப்ரீத்தி, கவரைக் கீழே வைக்கிறாள். நேராகச் சாலையைப் பார்த்தபடி, ஒரு சொல் பிசகாமல், அவன் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் வாங்கி, அந்த வரிகளை அலறி முடிக்கிறாள். பக்கத்தில் பைக்கில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். ஜெய்சங்கர் கண்ணாடிகளை இறக்கிவிடுகிறான்.